லாபிராறு

அந்த ஆற்றுக்கு முன்பு சின்னாறு என்றுதான் பேர். மூதூர்ப் பக்கத்து வயல்களில் வடிந்து, கண்டல் காட்டுக்குள் நெளிந்து, கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மணல்மேட்டில் முட்டி நின்றுவிடும் சோம்பேறி ஆறு. மாரியில் ஊரார் மண்வெட்டியோடு போய் அந்த மேட்டை வெட்டிவிட்டால்தான் வயல் தப்பும்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் மேட்டை வெட்ட முதல் ஆளாய் இறங்கியவன் லாபிர். மேடு உடைந்ததும் ஆறு அவனையும் அள்ளிக்கொண்டு போனது. நாலாம் நாள் ஊதிப்போன ஒரு உடல் கரையொதுங்க, அதையே லாபிர் என்று அடக்கிவிட்டார்கள். ஊரைக் காக்கப் போய் மவுத்தானவன் என்று ஆற்றுக்கும் அவன் பேரையே வைத்தார்கள். இருந்தபோது ஒரு பீடி கொடுக்காத ஊர், செத்த பிறகு ஒரு ஆற்றையே கொடுத்தது!

செத்தவன் இரண்டு வருஷம் கழித்து வந்து நின்றான். கடலில் அவனைத் தூக்கிய தோணி இந்தியக் கரையில் இறக்கிவிட, கையில் கடுதாசி இல்லாதவன் என்று அங்கே மறியலில் அடைத்துவிட்டார்களாம். இங்கே அவன் மனைவி றுக்கியா விதவைக்குரிய இத்தாக் காலம் இருந்து முடித்து, அபூதாஹிரை மணந்து, மடியில் பிள்ளையோடு இருந்தாள். அவள்மேல் என்ன குற்றம்? லாபிர் வழக்குப் பேசவில்லை. ஆற்றுவாயில் குடிசை போட்டுத் தனியே கிடந்தான். பேர் ஆற்றோடு போய்விட்டதால் ஊர் அவனைக் 'கரைக்காரர்' என்றது. "லாபிராறு வத்திட்டு" என்று யாராவது சொன்னால் அவனுக்கு வயிறு எரியும்.

அறுபத்துமூன்றில் நில அளவையாளர் சோமசேகரம் சங்கிலியும் படச்சுருளுமாக லாபிரின் குடிசையடிக்கு வந்தார்.

"மூண்டு பேர் ஒரே பேரைச் சொன்னால்தான் நான் படத்தில எழுதுவன், நானா. ஊர்த்தலைவர் விதானையார் லாபிராறு எண்டு சொல்லிப்போட்டார். இன்னும் ரெண்டு பேர் வேணும்."

படத்தில் ஏறிவிட்டால் தான் செத்தது செத்ததுதான் என்று லாபிருக்குத் தெரியும். ஒரு வாய் மாறிச் சொன்னால் போதும். சின்னாறு என்று சொல்லித் தன் பேரைத் தானே திருப்பி வாங்கிக்கொள்வது என்று மனதுக்குள் முடிவு கட்டினான்.

அவன் வாய் திறக்குமுன் மணல்மேட்டின்மேல் றுக்கியா வந்தாள், இடுப்பில் இரண்டாவது பிள்ளை. சோமசேகரம் அவளை மறித்தார்.

"தங்கச்சி, இந்த ஆத்துக்கு என்ன பேர்?"

ஆறு வருஷம் லாபிரோடு வாழ்ந்தவள் ஒருநாளாவது அவன் பேரைச் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொல்லும் பெண் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. "இஞ்சாருங்க" என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பேர் அவள் வாயில் வராது, வரவே வராது. பைத்தியக்கார மனுஷன், அதை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"லாபிராறு" என்றாள். சந்தையில் கத்தரிக்காய் கேட்பதுபோல் சொல்லிவிட்டு நடந்தாள்.

தன் பேர் அவள் குரலில் இத்தனை அழகாக இருக்கும் என்று லாபிருக்கு அதுவரை தெரியாது. இனித் தான் அவளுக்கு யாருமில்லை என்பதும் அதே நொடியில்தான் தெரிந்தது.

"மூண்டாவது ஆள் நீங்கள்தான், நானா. சொல்லுங்கோ."

தூரத்தில் போய்க்கொண்டிருந்தவளின் முதுகையே லாபிர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ சொன்னதுதான் சரி, ஐயா. அப்பிடியே எழுதுங்க."