இளக்காரத்துக்கு இரண்டு பொருள்

மாமியார் அவளுக்கு வைத்த பெயர் அகராதி. அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பதற்காக அல்ல, வாய்த்துடுக்குக்காக. அந்த வாய்தான் முந்தாநாள் தன் வேலையைக் காட்டிவிட்டது.

அலுவலக ஆண்டுவிழாவில், குழாய் வேலை செய்யும் அவள் கணவனை யாரோ மேடைக்கு இழுத்துவிட்டார்கள். பாவம், அவனுக்கு ழகரம் வராது. வேர்த்து விறுவிறுத்து, "எல்லாருக்கும் என் வால்த்துகள்" என்றான்.

முன்வரிசையிலிருந்து இவள், "யாரு வாலு?" என்றாள். அரங்கமே சிரித்தது. அவன் மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்வி: "என்னைப் பாத்தா உனக்கு அவ்வளவு இளக்காரமா?" அதோடு வாயை மூடியவன், இன்று காலை பையைக் கட்டி வைத்துவிட்டான். நாலு மணி பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போகிறானாம். திரும்பி வரும் நாளைச் சொல்லவில்லை.

இப்போது மணி இரண்டரை. இன்று அவள் பொருள் எழுதி முடிக்கவேண்டிய சீட்டு அலுவலக மேசையில் கிடந்தது: இளக்காரம். எரிச்சலாக வந்தது. 'இகழ்ச்சி' என்று எழுதினாள், அடித்தாள். அவனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், மறுபடி போன் போட்டாள். வேர்ச்சொல்லைத் தேடிப் பழைய சீட்டுகளைப் புரட்டினால், இகழ்ச்சிக்கு முன்னால் வேறொரு பொருள் உட்கார்ந்திருந்தது: இளக்கம். நெகிழ்ந்து, விட்டுக்கொடுத்துப் போவது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு இந்த வேலை கிடைத்தபோது, சொந்த ஊரில் தன் வாடிக்கைக்காரர்களையெல்லாம் விட்டுவிட்டுக் கூடவே வந்தவன் அவன். அவள் வள்ளென்று விழும்போதெல்லாம் "சரி விடு" என்றவன். அவன் இளக இளக, இவள் ஏறி மிதித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பஸ் நிலையத்துக் கடைசி பெஞ்சில் இருந்தான். சீட்டை நீட்டினாள்.

"என்ன இது?"

"நீங்க சொன்ன வார்த்தைதான். ரெண்டு அர்த்தம். ஒண்ணு, எளகி விட்டுக்கொடுக்கறது. இன்னொண்ணு, அப்படி விட்டுக்கொடுக்கறவங்களை மட்டமா நெனைக்கறது."

"உதாரணம் போடணும்பியே?"

"முதலுக்கு நீங்க." அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரெண்டாவதுக்கு நான்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை கூவினார். அவன் பையை மடியில் வைத்தபடியே வானத்தைப் பார்த்தான்.

"மலை வரும்போல இருக்கே" என்றான்.

மலையா, நடந்தா வருது? நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க, பெருசா வரும்போல."

அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். "என்னமோ முலுங்குன பாரு, எனக்குத் தெரியும்" என்று சிரித்தான்.

பஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்பியது.