தோள்மேல் போட்ட கை

புதன்கிழமைப் பயிற்சியின்போது பல் மருத்துவர் ஷிமுன் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நின்று பாடினான். பாடகர் குழுவைத் தொடங்கிய விட்ஸ்கோ முழங்கால்வரை கல்தரைக்குள் இருந்தார். மற்ற ஆறு பேரும் நடுவில் அவரவர் உயரத்தில் நின்றார்கள். பாட்டு முடிந்து வரிசை கலைந்ததும் எல்லோரும் சாதாரணமாக நடந்து மது குடிக்கப் போனார்கள்.

எல்லாம் மிர்னாவின் படத்தால் வந்தது. சிறு குழுக்களில் யார் மேல், யார் கீழ் என்று ஆராயத் தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்து எங்கள் தீவுக்கு வந்தவள் அவள். எங்கள் பாடகர்களுக்கு முன்னால் நின்று கையசைத்து நடத்துபவர் கிடையாது. அரைவட்டமாக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நிற்பார்கள். யாரோ மூச்சிழுக்க, பாட்டு கிளம்பும். அந்த நொடியில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று மிர்னா குளிர்காலம் முழுக்கக் குறித்தாள். ஆளுக்கொரு வட்டம், பார்வைக்கொரு அம்பு, அதிக அம்பு வாங்கியவர் உயரத்தில் என்று வரைந்து சுவரில் ஒட்டினாள். உச்சியில் இருந்தது ஷிமுன். ஊரே அவன்முன் வாயைத் திறந்து பழகியதால் இருக்கலாம். அடியில் கிடந்த விட்ஸ்கோவின் வட்டத்துக்கு ஓர் அம்புகூட வரவில்லை. மறுநாளே இந்தக் கூத்து ஆரம்பித்தது. மிர்னா பதறிப்போய்ப் படத்தைக் கிழித்தாள், யாரும் இறங்கவில்லை.

விட்ஸ்கோ கத்திப் பார்த்தார். கத்தக் கத்த மற்றவர்கள் மிரண்டு ஷிமுனையே பார்த்தார்கள். இவர் இடுப்புவரை போனார், பிறகு மார்புவரை. "வீட்ல எங்க தலைக்கு மேல ஏறி உக்காந்தீங்கல்ல, அனுபவிங்க" என்று மனைவி தோமிட்சா சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதாள். கல் வாயை மூடிவிட்டால் அவரால் பாட முடியாது. பாட்டு போனால் தனக்கு என்ன மிச்சம் என்று அவருக்கே தெரியவில்லை. இதற்கிடையே பாட்டும் கெட்டது, ஆளுக்கொரு நேரத்தில் தொடங்கினார்கள்.

திருவிழாவுக்கு முந்தின நாள், தேவாலயச் சதுக்கத்தில் நடந்த கடைசிப் பயிற்சியில், விட்ஸ்கோ வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணாந்து கேட்டார்.

"டேய் ஷிமுனு, எப்ப ஆரம்பிக்கணும்னு நீயே சொல்லுடா. நீதான பெரியவன்."

"எனக்கென்னண்ணே தெரியும்? நீங்க மூச்சு எடுக்குறப்ப தோள் ஏறும்ல, அது என் கைக்குத் தெரியும். அப்பதான் நான் மூச்சு இழுப்பேன். இப்ப கை எட்டல, அதான் எல்லாம் நாறுது."

மிர்னா கண்களை மட்டும்தான் எண்ணியிருந்தாள். மார்பளவு கல்லுக்குள் நின்றபடியே விட்ஸ்கோ குழந்தைபோல் அழுதார். ஷிமுன் காற்றில் குப்புறப் படுத்து, கையைத் தொங்கவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். எட்டுக் குரலும் ஒன்றாகக் கிளம்பின.

அதன்பின் விட்ஸ்கோ தாழவில்லை, ஏறவும் இல்லை, ஏற வேண்டும் என்று கேட்கவும் இல்லை. திருவிழாவில் அப்படியே பாடினார்கள். பாட்டில் யாரும் குறை சொல்லவில்லை; படுத்துப் பாடுகிற மனிதன் சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டிருக்கலாம் என்று மட்டும் சில பெண்கள் பேசிக்கொண்டார்கள்.