அடையாளக் கேள்வி

கணவன் அருண்ராஜ் ஏறிய விமானத்தைக் கடத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது சாந்தகுமாரி தன் புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று காலையில்தான் அவன் பெங்களூரு விமான நிலையத்திலிருந்து பேசியிருந்தான். மாடித் தொட்டிக்கு மோட்டார் போடச் சொல்லத்தான் அழைத்தான். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, பல மாதங்களாக மனதிற்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை, மோட்டாரைப் பற்றிப் பேசிய அதே குரலில் சொன்னாள். நான் வீட்டை விட்டுப் போகிறேன், தளேகாவில் என் கம்பெனிக்குப் பக்கத்தில் அறை பார்த்துவிட்டேன், நீங்கள் வரும்போது இங்கே இருக்க மாட்டேன். மறுமுனையில் விமான நிலையத்தின் அறிவிப்புகள் மட்டும் கேட்டன. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவளுக்கு அது புதிதில்லை. அருண்ராஜ் கை நீட்டுகிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. ஏதாவது பிடிக்கவில்லையென்றால் பேச மாட்டான், அவ்வளவுதான். ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம். தட்டில் வைத்ததைச் சாப்பிடுவான், அவள் நிற்கும் இடத்தை வெற்றிடம்போலக் கடந்துபோவான். திடீரென்று ஒருநாள் துண்டு எங்கே என்று கேட்பான். கோபம் தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த மௌனம் உட்கார நிறைய இடம் இருந்தது. இதை யாரிடமும் குறையாகச் சொல்லவும் முடியாது. தங்கமான மனுஷன் என்பார்கள்.

மதியத்திற்குள் நிக்டியில் இருந்த அவர்கள் வீட்டில் ஆள் நிரம்பிவிட்டது. எரிபொருள் தீர்ந்து விமானம் நாக்பூரில் இறங்கி நிற்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். அருண்ராஜின் அக்கா எஸ்தர் கட்கியிலிருந்து ஓடி வந்தாள். சபைப் பெண்கள் கூடத்தில் பாய் விரித்து, முறை வைத்துச் சங்கிலி ஜெபம் தொடங்கினார்கள். எஸ்தர் அறைக்குள் போய்ப் பாதி அடுக்கிய பெட்டியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

“பாத்தீங்களா, சேதி கேட்ட உடனே நாக்பூருக்குப் பெட்டி கட்டிட்டா. போலீஸ் விடமாட்டாங்கன்னு யாரு சொல்லுதது இவளுக்கு?”

ஒரு பெண் சாந்தகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாந்தகுமாரி எதையும் திருத்தவில்லை. திருத்துவதற்கு ஒரு பெலன் வேண்டியிருந்தது, அது அவளிடம் இல்லை.

முழங்காலில் நின்று கண்ணை மூடியபோது, தான் என்ன கேட்கிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரிந்தது. அவன் பிழைக்க வேண்டும். அதில் கொஞ்சமும் பொய் இல்லை. ஆனால் அவன் செத்துப்போனால் தான் ஆயுள் முழுக்க அவனுடைய விதவையாக இந்த வீட்டிலேயே இருந்துவிட நேரும் என்ற பயமும் அந்த ஜெபத்தில் கலந்திருந்தது. அவனை விட்டுப் போவதற்காவது அவன் உயிரோடு வேண்டும். இப்படி ஒரு விண்ணப்பத்தைப் பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் பெண்களோடு சேர்ந்து எப்படிச் சொல்வது? அவள் ஆமென் மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் கமாண்டோக்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. விமானத்தின் வால் பக்கமாக, எந்த ஜன்னலிலிருந்தும் கண்ணில் படாத இடத்தில் ஊர்ந்து வந்து, ஏணிகளைச் சாத்தி, எல்லாக் கதவுகளையும் ஒரே நொடியில் திறந்தார்களாம். வெடிச் சத்தம், புகை, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. தொலைவிலிருந்து எடுத்த புகைக் காட்சியையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பயணிகளில் ஒருவர் இறந்துவிட்டார், பெயர் தெரியவில்லை என்றார்கள். கூடத்தில் ஜெபம் நின்றுபோனது.

அப்போதுதான் தெரியாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தாள். கறுப்புத் துணியால் முகம் மூடிய ஒருவன். கண்கள் சிவந்திருந்தன. கமாண்டோ என்று இந்தியில் சொல்லிக்கொண்டு அவள் பெயரைக் கேட்டான், கணவன் பெயரைக் கேட்டான். தனியாக வந்து பேசச் சொன்னான். அவள் பின்பக்க பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் பொறுமையாக விளக்கினான். கடத்தியவர்களில் ஒருவன் பயணிகளோடு பயணியாக உட்கார்ந்திருக்கிறான் என்று தகவல். எல்லோருடைய அடையாள அட்டைகளையும் போன்களையும் முதல் நாளே பிடுங்கி உடைத்துவிட்டார்கள். அதனால் ஆண்கள் எல்லோருடைய கையையும் கட்டி உட்கார வைத்திருக்கிறோம், வீட்டார் அடையாளம் சொன்ன பிறகுதான் அவிழ்ப்போம். இந்த ஆளுக்கு உங்கள் எண் ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது.

இருக்கும். அது முதலில் அருண்ராஜுடைய எண்தான். புது எண் வாங்கியபோது பழையதை அவளுக்குக் கொடுத்திருந்தான்.

முகம் மட்டும் போதாது, மிரட்டலுக்குப் பயந்து யாரையும் யாரென்றும் சொல்லலாம் என்றான் கமாண்டோ. உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். பதிலை முதலில் என்னிடம் சொல்லிவிடுங்கள். சொல்லும்போதே அவனுக்குக் கொட்டாவி வந்தது. மன்னிக்கணும் மேடம் என்றான்.

சாந்தகுமாரி யோசித்தாள். கல்யாணத் தேதி பத்திரிகையில் இருக்கிறது. மாமனார் பெயர் ஆதாரில் இருக்கிறது. அவனுக்குப் பிடித்த குழம்பு சபைக்கே தெரியும். அவளுக்கும் அவனுக்கும் மட்டும் என்ன தெரியும்? இத்தனை வருஷத்தில் இருவரும் ரகசியமாகச் சிரித்த ஒரு சிரிப்பு, ஒரு செல்லப்பெயர், ஒரு சண்டையின் சமாதானம்? தேடிப் பார்த்தாள். ஒன்றும் கைக்கு வரவில்லை. நேற்றுச் சொன்னது ஒன்றுதான் இருந்தது.

பதிலை இந்தியில் சொன்னாள். கமாண்டோ முகத்துணியைச் சரிசெய்துகொண்டான். வேண்டுமானால் வேறு கேள்வி கேட்கலாம் மேடம், எனக்கு அவசரமில்லை என்றான். அவனுக்கு எவ்வளவு அவசரம் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. இதுவே போதும் என்றாள்.

திரை திரும்பியது. வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்த ஆண்களின் நடுவே அருண்ராஜ். ஒருநாள் தாடியும் சாம்பலுமாக ஒரு முகம். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“நான் உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னேன்?”

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். பக்கத்திலிருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். கமாண்டோ இந்தியில் சொல்லச் சொன்னான். வழக்கமாக அவன் வாய் மூடிக்கொள்ளும் விதம் அவளுக்கு அத்துப்படி, அது இப்போதும் அப்படியே மூடிக்கொண்டது. பிறகு மெதுவாகத் திறந்தது. வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்னாள் என்றான்.

சரியா மேடம் என்று குரல் மட்டும் கேட்டது.

“சரி. இவர் என் வீட்டுக்காரர்.”

கத்தரிக்கோல் ஒன்று அவன் முதுகுக்குப் பின்னால் போவது தெரிந்தது. அழைப்பு முடிந்தது. பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். உட்கார வேண்டும்போலத்தான் இருந்தது.

அவன் வந்தபோது காலனி வாசலில் மாலையோடு நின்றார்கள். வீட்டில் இரண்டு நாள் தூங்கினான். மனைவி கேள்வி கேட்டு அடையாளம் சொன்ன கதை எப்படியோ பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். என்ன கேட்டாய் என்று எஸ்தர் குடைந்தாள். சாந்தகுமாரி தம்பியையே கேட்கச் சொன்னாள்.

சனிக்கிழமை மாலை அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“நாளைக்கு அதைச் சொல்ல வேண்டாம். கல்யாணத் தேதி கேட்டேன்னு சொல்லிரு.”

“எனக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. நீங்களே சொல்லிக்கோங்க.”

“நீ இன்னும் போகத்தான் போறியா?”

அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்விபோல இருந்தது அது. ஆமாம் என்றாள். அவன் திரும்பிக் கூடத்துக்குப் போனான்.

சபையில் அவன் நன்றாகவே பேசினான். புகையில் ஒரு கை தன் தலையைப் பிடித்து இருக்கைக்குக் கீழே அழுத்தியதையும், அந்தக் கையை அடுத்த கணமே குண்டு துளைத்ததையும் சொன்னபோது குரல் உடைந்தது. அந்தக் கமாண்டோவின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்றான். அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. தூக்கத்திலும் அவன் அந்தக் கையைத்தான் தேடினான். பிறகு மனைவி கேட்ட கேள்விக்கு வந்தான்.

“எங்க கல்யாணத் தேதியைக் கேட்டா.”

அல்லேலூயா என்றார்கள். எஸ்தர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாஸ்டர் மைக்கை சாந்தகுமாரியிடம் நீட்டினார். அவள் எழுந்து நின்றாள். ஏதோ ஒரு துதியைச் சொல்லி உட்கார்ந்துவிட்டால் போதும். அடுத்த வாரமும் அதற்கு அடுத்த வாரமும், தேவன் திருப்பிக் கொடுத்த கணவனோடு அவள் இதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். இனி எழுந்து போகிறவள் தேவனுடைய கையைத் தட்டிவிட்டவள் ஆவாள்.

“நான் கேட்டது தேதி இல்லை. அது வேற கேள்வி, எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது. இவங்க மறைக்காம உண்மையைச் சொன்னாங்க. அதனாலதான் கமாண்டோக்கள் கைக்கட்டை அவிழ்த்தாங்க. நாளையிலிருந்து நான் தளேகாவில் இருப்பேன். அந்தக் கமாண்டோவுக்குக் கை குணமாக எல்லாரும் ஜெபம் பண்ணுங்க.”

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. வெளியே வந்ததும் எஸ்தர் அவளைப் பார்க்காமல் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பெட்டியை ஆக்குர்டி ஸ்டேஷன் வரை கொண்டுவருவதாக அவன் சொன்னான். கனமாக இருந்ததால் சரி என்றாள். பிளாட்பாரத்தில் லோக்கல் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். அவன் மணிக்கட்டில் கட்டின தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

“நான் பதில் சொல்லாமலே இருந்திருந்தா?” என்றான் தண்டவாளத்தைப் பார்த்தபடி. “என்ன செஞ்சிருப்ப?”

“நீங்கதான்னு இன்னும் சீக்கிரமே சொல்லியிருப்பேன்.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். அது சிரிப்பாக முடியவில்லை. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ரயில் வந்தது. பெண்கள் பெட்டிக்குள் அவன் ஏறக் கூடாது என்பதால், துணிப் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். உள்ளே ஜன்னலோரம் இடம் இருந்தது. சாந்தகுமாரி உட்கார்ந்து, ரயில் நகர்வதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டாள்.