பொன்னுருக்கி மூன்றரை மாதம்

ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்க வேண்டுமானால் ஒரு நாட்டின் நாடாளுமன்றம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற விஷயம் 2001ஆம் ஆண்டு வரை நாகேஸ்வரிக்குத் தெரியாது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. சிட்னியில், பரமட்டாவில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில், குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிற வேலை. லிட்கம்மில் அக்கா பவளத்தின் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். இனி என்னுடைய கல்யாணப் பேச்சை எடுத்தால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று அக்காவை வெருட்டி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அப்படி வெருட்டியவள்தான் இப்போது மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தொலைபேசி அட்டை வாங்கக் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை மகேந்திரராஜா கொழும்பில், வெள்ளவத்தையில், கணிதம் படிப்பிக்கிற ரியூசன் மாஸ்டர். வயது நாற்பத்தாறு. முந்தின வருடம் அவள் கொழும்புக்குப் போனபோது ஓர் உறவினர் வீட்டு முன்னறையில் இருவரையும் இருத்திவைத்தார்கள். சுற்றிவர பதினொரு பேர். இருபது நிமிடமும் அவள் பார்த்தது அவருடைய செருப்பைத்தான். பழுப்பு நிறம், இடது வார் தைத்திருந்தது. முகத்தைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனால் தொலைபேசியில் அந்த மனிதர் வேறு ஆள். இலங்கையில் நடக்கிற ஒவ்வொரு கூத்தையும் அவளுக்கென்றே எடுத்துவைத்திருந்து சொல்லுவார். வறட்சியால் மின்வெட்டு, மெழுகுதிரி வெளிச்சத்தில் வட்டம் கீறிக் காட்டினால் பெடியள் அதை முட்டை என்கிறார்கள் என்பார். ஜூலையில் நாடாளுமன்றத்தைப் பூட்டி இரண்டு மாதம் விடுமுறை விட்டபோது, தன்னிடம் படிக்கிற பிள்ளைகள் பொறாமையில் வெந்துபோனார்கள் என்றார். நாகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரித்த முகத்தோடு வேலைக்குப் போய், ஒரு நாள் ஒரே ஆளின் பெயரை நாலு குழாயில் ஒட்டி, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்கும் சிரிப்புத்தான் வந்தது. தலைகால் தெரியாமல் ஆடுவதற்கு இருபது வயதாக இருக்க வேண்டுமென்று சட்டமா இருக்கிறது?

விசாவுக்கு மட்டும் சட்டம் இருந்தது. நவம்பர் நாலாம் திகதிக்குள் அவர் வந்து சேர்ந்து, கல்யாணமும் முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் எல்லாம் முதலில் இருந்து. முதலில் இருந்து என்றால் இன்னும் இரண்டு வருடம். நாற்பத்தொரு வயதில் இரண்டு வருடம் என்பது சின்ன விஷயம் அல்ல.

ஆகஸ்ட் இருபத்தாறு என்று நாள் வைத்தார்கள். அந்த வாரமே இலங்கையில் ஒரு சர்வசன வாக்கெடுப்பும் அறிவித்திருந்தார்கள். இரண்டில் எது முதலில் தள்ளிப்போகுது பாப்பம் என்றார் மகேந்திரராஜா. பகிடிக்குத்தான் சொன்னார், பாவம்.

இங்கேதான் பவளம் ஒரு வேலை பார்த்தாள். தாலிக்குப் பொன்னுருக்குவது வழக்கமாகக் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னர், மாப்பிள்ளை வீட்டில், மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு. பவளத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆடியில் நல்ல காரியம் கூடாது, ஆவணி பிறந்தால் நேரம் காணாது, ஆகவே ஆனி முடிவதற்குள் உருக்கிவிடுவோம் என்று ஐயரைப் பிடித்து நாள் வாங்கிவிட்டாள். மாப்பிள்ளைக்குப் பதிலாக அவருடைய சித்தப்பா மகன் கணேசலிங்கம் நின்றான். மாப்பிள்ளை தொலைபேசியில் நின்றார். நகைக்கடைக்காரர் லிட்கம் வீட்டுக் குசினி மேசையில் பொன் நாணயத்தை வைத்து நெருப்பு ஊதத் தொடங்கியதும், கூரையில் இருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டியது. அங்கேயும் குண்டு வெடிக்கிறதோ என்று மகேந்திரராஜா கேட்டார். பவளத்தின் புருஷன் சிறி அத்தான் கதிரையில் ஏறி நின்று துவாயால் அலாரத்துக்கு விசிறினார். ஐயர் மந்திரத்தை முடிக்க முதல் அட்டை முடிந்துவிட்டது. பொன் மட்டும் சொன்ன நேரத்துக்கு உருகியது.

பொன்னுருக்கினால் பிறகு தாலி ஏறும் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. மூன்று நாளுக்கு அது பெரிய கஷ்டம் இல்லை. பவளம் அவருடைய படத்தைக்கூட எடுத்துத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். தொலைபேசியில் கதைக்கலாமா என்று கேட்டதற்கு ஒரு நாள் முழுக்க யோசித்து, காதால் பார்க்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னாள்.

பவளத்தை நினைத்துச் சிரிக்கலாம். ஆனால் அவளுடைய கல்யாணத்துக்கு 1983 ஆகஸ்டில் நாள் வைத்திருந்தது. ஜூலையில் கொழும்பு எரிந்தது. கூறைச் சேலையும் வீட்டோடு போனது. இரண்டு வருடம் கழித்துச் சிட்னியில் பதிவு அலுவலகத்தில் சிறி அத்தானுக்குக் கையெழுத்துப் போட்டபோது, சாட்சிக்கு ஆள் இல்லாமல் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரரைக் கூப்பிட்டார்கள். தனக்குக் கிடைக்காத ஒவ்வொன்றையும் தங்கைக்கு ஒன்றும் விடாமல் செய்து பார்க்கவேண்டும் என்பது அவளுடைய வெறி. அது தெரிந்ததால்தான் நாகேஸ்வரி வாய் திறக்காமல் படத்தைக் கொடுத்தாள்.

மகேந்திரராஜாவின் விமானம் ஜூலை இருபத்துநாலாம் திகதி இரவு. அன்று காலை நாகேஸ்வரி வேலையிடத்துத் தேநீர் அறைக்குள் போனபோது தொலைக்காட்சியில், புலிகள் தாக்கிய கட்டுநாயக்கா விமான நிலையம் எரிந்துகொண்டிருந்தது. விமானங்கள் நடு முறிந்து கிடந்தன. அவர் வெள்ளவத்தையில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார் என்று தெரியும். தெரிந்தும் நாற்பது தரத்துக்கு மேல் எண்ணைச் சுழற்றினாள். பின்னேரம் கிடைத்தார். பெட்டி கட்டியாச்சு, இனி விமானம் ஒன்று மட்டும்தான் குறை என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆகஸ்ட் இருபத்தாறு செப்ரெம்பர் இரண்டு ஆனது. அதற்குள் காப்புறுதிக் கட்டணம் ஏறி, வெளிநாட்டு விமானங்கள் கொழும்புக்கு வர மறுத்தன. செப்ரெம்பர் இரண்டும் போனது. பிறகு புரட்டாசி, கல்யாணம் வைக்காத மாதம். அங்கே வாக்கெடுப்பும் தள்ளிப்போய், பிறகு இல்லாமலே போனது. அமைச்சர்கள் கட்சி மாறினார்கள், நாடாளுமன்றத்தைக் கலைத்தார்கள், தேர்தல் என்றார்கள். லிட்கம்மில் மூன்றாம் தரம் அழைப்பிதழ் அடித்தார்கள்: ஒக்ரோபர் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. அச்சகத்துக்காரர் இந்தத் தரம் திகதியைப் பென்சிலால் எழுதட்டுமா என்று கேட்டாராம். இதைவிட்டால் விசா முடிவதற்குள் மண்டபமும் இல்லை, முகூர்த்தமும் இல்லை.

கடைசியில் மெல்பேர்னுக்குத்தான் ஆசனம் கிடைத்தது. அங்கே மல்கிரேவில் இருந்த அவருடைய மச்சான் இந்திரகுமார் அவரை இறக்கி எடுத்தார். அங்கிருந்து சிட்னிக்குப் பறந்து வரலாம் என்றால், ஆஸ்திரேலியாவின் பெரிய உள்நாட்டு விமானக் கம்பனி ஒன்று போன மாதம்தான் மூடிக்கொண்டிருந்தது. இருக்கிற விமானங்களில் நிற்கவும் இடம் இல்லை. வெள்ளி பின்னேரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவர் எங்கே கால் வைத்தாலும் அங்கே ஒன்று விழுகிறது என்று சிறி அத்தான் சொல்லி, பவளத்திடம் ஏச்சு வாங்கினார்.

சனி காலை வீட்டில் நாகேஸ்வரி மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் மண்டபத்தில் மணவறை கட்டப் போயிருந்தார்கள். தொலைபேசி அடித்தது.

"நாகேஸ், பஸ் பழுதாப் போச்சு. நான் ஒரு ஆட்டுக்குக் கீழ நிக்கிறன்."

எந்த ஆடு என்று அவள் கேட்கவில்லை. சிட்னியில் கார் ஓடுகிற எவருக்கும் தெரியும். குல்பேர்ன் ஊரில் மூன்று மாடி உயரத்துக்குச் சீமெந்தால் கட்டி வைத்திருக்கிற செம்மறியாடு. இரண்டு மணி நேர ஓட்டம். மாற்று பஸ் எப்போது வரும் என்று கேட்டாள். அது சாரதிக்கும் தெரியாதாம், பின்னேரமாக இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாமாம். அவள் சிறி அத்தானின் கைத்தொலைபேசிக்கு எடுத்தாள். அது பக்கத்து அறையில், ஆணியில் கொழுவியிருந்த காற்சட்டைக்குள் கிடந்து அடித்தது.

மண்டபம் பத்து நிமிடத் தூரம்தான். போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாராவது ஓர் ஆண்பிள்ளையை அனுப்பியிருப்பார்கள். நாகேஸ்வரி தலையில் எண்ணெயோடும் கையில் மருதாணியோடும், கொடியில் கிடந்த பூப்போட்ட படுக்கை விரிப்பை இழுத்து எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். மண்டபம் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கிளம்ப முதல் அவர் மறுபடி எடுத்தபோது திட்டம் சொல்லிவிட்டிருந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து, ஆட்டைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு தரம் ஹோர்ன் அடிக்கும். திரும்பக் கூடாது. அவர் அப்படியே நின்றார். கட்டம் போட்ட சேர்ட், உச்சியில் சின்ன வழுக்கை, பக்கத்தில் கயிறு கட்டிய பெட்டி. அவள் பின்னால் போய் விரிப்பைத் தலையோடு போட்டு மூடினாள். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், பொலிசைக் கூப்பிட வேண்டுமா என்று விரிப்பைப் பார்த்துக் கேட்டார். நாளைக்கு எங்களுக்குக் கல்யாணம் என்று விரிப்புக்குள் இருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. கிழவர் தொப்பியைக் கழற்றி வாழ்த்தினார்.

பின் ஆசனத்தில் இருத்தி, விரிப்புக்கு மேலாலே பெல்ட் போட்டு, கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டு அவள் காரை எடுத்தாள். சிரிப்பு நெஞ்சு முட்ட நின்றது. இனி வழி முழுக்கக் கதை என்று நினைத்தாள்.

அவர் வாயைத் திறக்கவில்லை. பயணம் எப்படி என்று கேட்டாள், நல்லம் என்றார். சாப்பிட்டீங்களா என்றாள், ஓம் என்றார். தேர்தல் பற்றிக் கேட்டாள். நடக்கும் என்றார். அரை மணி நேரம் இப்படியே போனது. அவளுடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, அந்த இடத்தில் பயம் வந்து குந்தியது. முன்னறையில் செருப்போடு இருந்த மனிதர்தான் காரில் இருக்கிறார். எட்டு மாதமாகத் தான் சிரித்துச் சிரித்துக் கதைத்த ஆள் வரவில்லை. நாளைக்குக் காலை முந்நூறு பேருக்கு முன்னால் யாருக்குக் கழுத்தை நீட்டப் போகிறேன் என்று நினைத்தாள். தெருவோரத்தில் லொறிகள் நிற்கிற இடம் ஒன்று வந்தது. காரை நிறுத்தினாள்.

"என்னைப் பிடிக்கேல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ. நான் தாங்குவன்."

விரிப்பு அவள் பக்கம் திரும்பியது.

"அங்க நடந்த ஒண்டுமே சிரிப்பில்லை, நாகேஸ். கட்டுநாயக்கா எரிஞ்ச அண்டைக்கு என்ர தெருவில எத்தினை பெடியளைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போனவங்கள் தெரியுமோ? ரெண்டு பேர் என்னட்டைப் படிச்சவங்கள். உமக்குச் சொல்லவேணும் எண்டு நினைக்கேக்கதான் எனக்கு ஒவ்வொண்டும் சிரிப்பா மாறும். இரவில அதைத்தான் யோசிச்சுக்கொண்டு படுப்பன். இப்ப நீர் பக்கத்தில இருக்கிறீர். எனக்குச் சொல்லப் பகிடி ஒண்டும் வருதில்லை."

நாகேஸ்வரி இறங்கிப் பின் கதவைத் திறந்தாள். விரிப்பின் நுனியைப் பிடித்தாள். அவர் உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கா மனவருத்தப்படுவா, நாளைக்குத்தானே என்றார்.

"ரெண்டு தரம் பின்போட்டாச்சு," என்றாள் அவள். "உங்கட முகத்தையும் நாளைக்கு எண்டு பின்போட என்னால ஏலாது."

அவர் கையை விட்டார். விரிப்பு வந்துவிட்டது. நரைத்த மீசை, நித்திரை இல்லாத கண், புழுக்கத்தில் ஒட்டிக் கிடந்த மயிர். அந்த முகம் அவளை, மருதாணிக் கையையும் எண்ணெய்த் தலையையும், ஒன்றும் விடாமல் பார்த்தது. அவள் இந்த முறை தலையைக் குனியவில்லை. முதலில் சிரித்தது யார் என்று பிறகு இருவராலும் சொல்ல முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லொறிக்காரர் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

லிட்கம் வாசலில் பவளம் நின்றாள். வெறிச்சோடிக் கிடந்த வீட்டைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் தொலைபேசி எடுத்துக் களைத்திருந்தாள். காரில் இருந்து மாப்பிள்ளை முன் ஆசனக் கதவைத் திறந்துகொண்டு இறங்குவதைக் கண்டதும் அவள் முகம் போன போக்கை நாகேஸ்வரி பார்த்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பாத்திட்டன் அக்கா."

பவளம் தங்கையின் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். மூன்றரை மாதமாகக் காத்த காவல் ஒரு லொறி நிறுத்துகிற இடத்தில் போய்விட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏசப் போகிறாள் என்று நாகேஸ்வரி காத்திருந்தாள். பவளம் மூக்கைத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி,

"எப்பிடி ஆள்?" என்று கேட்டாள்.

நாகேஸ்வரி யோசித்தாள்.

"களைச்சுப்போன ஆள் அக்கா. நேற்றுப் பின்னேரம் சாப்பிட்டது. பசி எண்டு சொல்ல வெக்கப்படுறார்."

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண் வீட்டில் மாப்பிள்ளை கை நனைக்கக் கூடாது. அது பவளத்துக்குத் தெரிந்த அளவுக்கு ஆஸ்திரேலியாவில் வேறு எவருக்கும் தெரியாது. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அடுப்பைப் பற்றவைத்து, புட்டுக்கு மாவைக் குழைக்கத் தொடங்கினாள். நீ போய் அந்தாளைக் கதிரையில் இருத்தி வை என்றாள்.