கலையாத விரிப்பு

ஆம்பூர்ல தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழிக்குள்ள விழுந்து, முதுகெலும்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரிக்கு வந்தவன் கன்னியப்பன். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கிடையாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா படுக்கைப் புண் வந்து அழுகிடும். புரட்டினதும் தலைமாட்டுச் சீட்டுல நேரம் எழுதிக் கையெழுத்துப் போடணும். மூணாம் வருசம் நர்ஸ் படிக்கிற அமிர்தவள்ளிக்கு அந்த வேலை. ரெண்டு மாசமா ஒரு வேளைகூடத் தவறினதில்லை, மகராசி.

அன்னிக்கு மெட்ராஸ்லேர்ந்து பரீட்சை வைக்கிற அம்மா வர்ற நாள். அவங்க போடற மார்க்குலதான் சர்டிபிகேட்டு. அது இல்லேன்னா சொந்த ஊரான அணைக்கட்டுக்குத் திரும்பிப் போய் அண்ணன் வீட்டுல சோத்துக்கு நிக்கணும். அண்ணி வாய் ஊரறிஞ்ச வாய்.

காலையில பெரிய நர்ஸ் மரியம்மாள் வந்து, "அவங்க வந்து போற வரைக்கும் யாரையும் புரட்டாதே. விரிப்பு கலைஞ்சா மார்க் போச்சு. சீட்டை மட்டும் நிரப்பி வை" ன்னாங்க. அமிர்தவள்ளிக்கு மனசு ஒப்பல. ஆனாலும் கையெழுத்தைப் போட்டா.

பத்து மணிக்கு வரவேண்டியவங்க ரெண்டரைக்கு வந்தாங்க. பெரிய மனுசங்க நேரம், கேக்கவா வேணும்? பத்து, பன்னண்டு, ரெண்டு மணின்னு மூணு வேளையும் புரட்டினதாச் சீட்டு சொல்லிச்சு. விரிப்புல ஒரு சுருக்கமில்லை. நல்ல மார்க்காப் போட்டுட்டு, அந்தம்மா டீ குடிக்க வராண்டாவுக்குப் போனாங்க. கன்னியப்பனை ஒரு விரலாலகூடத் தொட்டுப் பாக்கல.

அமிர்தவள்ளி ஓடிவந்து அவனைப் புரட்டினா. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துக் கெடந்தது. ஓரம் பிஞ்சு விரிப்போட ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

"ஏண்ணே, ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா? தெனம் கடியாரத்துல மணியடிச்சா, புரட்டச் சொல்லி நீங்கதானே கூப்பிடுவீங்க?"

"மணியடிச்சது கேட்டுச்சு நர்சம்மா. இன்னிக்கு உனக்குப் பரீட்சைன்னு சொன்னாங்க. பேஜார் பண்ணக் கூடாதுன்னு சும்மா கெடந்தேன். பாஸாயிட்டியா?"

அவ புண்ணைக் கழுவி, மருந்து வெச்சு, அவனை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா. அப்புறம் சீட்டை எடுத்துக்கிட்டு வராண்டாவுக்குப் போனா. மரியம்மாள் கண்ணாலயே தடுத்தாங்க. அவ அந்தப் பக்கம் திரும்பல.

"பத்து, பன்னண்டு, ரெண்டு மணின்னு எழுதினது எல்லாம் பொய்ம்மா. நான்தான் எழுதினேன். வந்து அவர் முதுகைப் பாருங்க."

அந்தம்மா டீயைக் கீழ வெச்சுட்டு எழுந்தாங்க. மார்க் போட்ட பேனாவையும் கையில எடுத்துக்கிட்டாங்க.