ஏழு மணி ஜெபம்

கிடங்கில் அத்தனை பேருக்கும் ஷிப்ட் போடுகிறவளுக்குத் தன் ஒரு நாளைப் போடத் தெரியாதா? "முதலிடம் கர்த்தருக்கு" என்று போதகர் பிரசங்கித்த அன்றே போனில் அட்டவணை போட்டுவிட்டாள். முதல் வரியில் ஜெபம். அதற்குக் கீழே குளியல், பஸ், வேலை, மறுபடியும் வேலை.

சபையில் பெண்களை இரண்டிரண்டு பேராக ஜெபத் துணையாகச் சேர்த்திருந்தார்கள். இவளுக்கு வாய்த்தது தனியாக வாழும் தையல்கார அக்கா. தினமும் காலையில் போனில் இவள் ஜெபிப்பாள், அக்கா ஆமென் சொல்வாள். வாய் திறந்து ஜெபிக்க அக்காவுக்குக் கூச்சம். ஆனால் ஆமென் சொன்ன பிறகு லேசில் போனை வைக்கவும் மாட்டாள். முழங்கால் வலி, மெஷினில் ஊசி உடைந்தது, பக்கத்து வீட்டுச் சண்டை என்று இழுப்பாள். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று இவள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் நிற்பாள்.

தலைக்கு மேல் வேலை வந்ததும் இவளுக்குக் குறுக்கு வழி தோன்றியது. அடுப்படியில் நின்றபடியே நல்ல ஜெபமாக ஒன்றைப் பதிவு செய்து, தினமும் ஏழு மணிக்குத் தானாகவே அக்காவுக்குப் போகும்படி வைத்துவிட்டாள். கேட்டு முடித்ததும் அக்காவிடமிருந்து 'ஆமென்' வந்துவிடும். அட்டவணையில் பச்சை டிக் விழும். அதில் பெருமை வேறு! மிச்சம் பிடித்த நேரத்தையும் கிடங்கே தின்றது.

இன்று காலை ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தாள். மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. யாரிடம் விடுவது? அங்கே மற்ற எல்லோருக்கும் பையைப் பிடித்துக்கொள்ளவாவது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது. இவள் பை இவள் மடியில்தான் இருந்தது.

மணி ஏழைத் தாண்டியது. போன் மினுங்கியது. 'ஆமென்.'

பொறுக்க முடியாமல் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஸ்கேனுக்கு வந்திருக்கேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க."

"தனியாவா போன? ஐயோ, எனக்குக் கோர்வையா வராதேம்மா. நீ பண்ணு, நான் கூடவே இருக்கேன்."

கண்ணை மூடினாள். மனப்பாடமாகத்தான் வந்தது. "அன்புள்ள பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். எங்கள்மேல் இரக்கமாயிரும்..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"இந்த இடத்துலதான் உன் குக்கர் விசில் அடிக்கும்," என்றாள் அக்கா. குரலில் குத்தல் எதுவும் இல்லை.

இவளுக்கு முகம் சுருங்கிப்போனது. "தெரியுமாக்கா?"

"தினமும் அதே இடத்துல அடிச்சா தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு ஆமென் போட்டீங்க?"

"காலையில வீட்டுக்குள்ள ஒரு குரல் கேக்குதேம்மா."

உள்ளேயிருந்து நர்ஸ் இவளைக் கூப்பிட்டாள். இவள் எழுந்தாள்.

"பயமா இருக்குக்கா."

"ஆமென்," என்றாள் அக்கா.