மடுவத்தில் தொங்கிய தண்ணீர்க் கேன்

பண்டாரவளையில் நான் போன பௌதிகவியல் டியூஷன் வகுப்பில் முந்நூறு பேர் இருந்தோம். நாங்கள் சேர் என்று கூப்பிடும் ஆசிரியர் மேடையில் நின்று மைக்கில் பேசுவார். பின்வரிசைக்காரர்களுக்காக மண்டபத்தின் நடுவில் இரண்டு டி.வி. தொங்கும். அவர் சொல்வதை எழுதுவோம், பழைய வினாத்தாளைச் செய்வோம், விடையைச் சரிபார்ப்போம். இரண்டு வருடத்தில் நான் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அது ஒரு குறையாகவும் தோன்றியதில்லை, ஏனென்றால் அந்த முறை வேலை செய்தது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருந்தேன். ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பொறியியலுக்குப் போகும் முதல் ஆள் நான்தான்.

ஆனால் என்னிடம் இன்னொரு கடிதமும் இருந்தது.

அது தென்னிந்தியாவில் ஒரு மலையடிவாரத்துச் சிறிய கல்லூரியிலிருந்து வந்தது. அங்கே மொத்தமே நூற்றறுபது மாணவர்கள். விரிவுரை கிடையாது. பன்னிரண்டு பேர் ஒரு நீள்வட்ட மேசையைச் சுற்றி உட்காருவார்கள். எல்லாரும் ஒரே பக்கங்களை வாசித்துவிட்டு வந்திருப்பார்கள். ஆசிரியர் ஒரு கேள்வியை வைப்பார், மீதி நேரம் முழுவதும் பேச்சுதான். கணிதம், தத்துவம், இசை, விஞ்ஞானம் எல்லாமே எல்லாருக்கும் உண்டு. மேசை ஏன் நீள்வட்டம் என்றுகூட இணையத்தளத்தில் விளக்கியிருந்தார்கள். செவ்வக மேசையில் ஒரே பக்கமாக உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது, நீள்வட்டத்தில் முடியும். அந்த ஒரு வரியைப் படித்துத்தான் விண்ணப்பித்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் ஃபேக்டரியில் கொழுந்து எப்படி வாடுகிறது என்று நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். இடமும் முழுப் புலமைப்பரிசிலும் தந்தார்கள்.

இரண்டு இடத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். பேராதனையில் பதியாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் உடனே கேட்டார்: “பேசுறதுக்கு எதுக்கு நிஷா இந்தியாவுக்குப் போகணும்? தண்ணி புடிக்கிற பீலிக்கரையில போய் நில்லு, நாள் பூரா பேசலாம்.”

“அங்க ஒங்க கதையத்தான் பேசுறாங்க” என்றார் அம்மா.

“நீ இரு லெட்சுமி. யாரு பேசணும்னு யாரு சொல்லுவாங்க? பேரு கூப்பிட மாட்டாங்களா?”

“கூப்பிட மாட்டாங்கப்பா.”

“அப்ப யாரு வேலைக்கு வந்தான்னு எப்படித் தெரியும்?”

அப்பா கிண்டல் செய்யவில்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் வாசிப்பார்கள். பெயரைக் கேட்டதும் குரல் கொடுத்து, எந்த மலைக்கு, ஃபேக்டரியில் எந்தப் பகுதிக்குப் போவது என்று தெரிந்துகொண்டு நகர வேண்டும். பெயர் வாசிக்காமல் யாரும் வாய் திறப்பதில்லை. முப்பது வருடமாக அப்பாவின் நாள் அப்படித்தான் தொடங்குகிறது.

கல்லூரிக்காரர்கள் புதன்கிழமை பிற்பகல் ஒரு வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள், போன் வழியாக. நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான். ஃபேக்டரியின் மேல்மாடியில், அப்பா வேலை செய்யும் வாட்டும் பகுதியில், நான்கு கோடு. அங்கே நீளமான தொட்டிகள் இருக்கும். கம்பிவலையில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை அனுப்புவார்கள். ஒரு பிடி கொழுந்தை அமுக்கிவிட்டுக் கையை விரித்தால் அது உடனே விரியாமல் உருண்டையாக நிற்க வேண்டும். அதுதான் பதம். அன்று ஒரு தொட்டி காலியாக இருந்ததால் அப்பா ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு அதன் விசிறியை நிறுத்தித் தந்தார். தொட்டியின் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்தேன்.

வாசிக்கச் சொல்லியிருந்தது ஒரே ஒரு பக்கம், இரண்டு தட்டுள்ள தராசைப் பற்றி. ஆசிரியை கேட்டார்: “இந்தத் தராசு உண்மை சொல்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? நிஷாந்தினி, நீங்கள் தொடங்குகிறீர்களா?”

நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கேட்டால் எழுந்து நின்றுதானே பதில் சொல்வோம்? திருப்புதிறன், சமநிலை, சமன்பாடு என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்த பிறகுதான் ஒரு பையன் மெதுவாகச் சொன்னான், இவ்வளவு நேரமும் திரையில் என் இடுப்புப் பட்டி மட்டும்தான் தெரிந்தது என்று. உட்கார்ந்தேன்.

பிறகு ஒருத்தி சொன்னாள்: “இரண்டு தட்டிலும் இருப்பதை இடம் மாற்றிப் பார்க்கலாம்.” தராசின் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருந்தால், முதலில் சமமாக நின்றது, மாற்றியதும் சாய்ந்துவிடும். அந்தச் சமன்பாட்டை நான் நூறு தடவை எழுதியிருக்கிறேன். மாற்றி வைத்துப் பார்க்க ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இன்னொருவன் கேட்டான்: “படிக்கல்லே பொய்யாக இருந்தால்?” “எனக்குத் தெரியவில்லை” என்றார் ஆசிரியை.

எனக்கு ஒன்று சொல்ல இருந்தது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் எங்கள் தராசில் தட்டே இல்லை, ஒரு கொக்கிதான். அதில் எதை இடம் மாற்றுவது? அதைச் சொல்ல, என் பெயர் வரட்டும் என்று காத்திருந்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். வகுப்பு முடிந்துவிட்டது.

“நல்லா பேசுனியா?” என்று அப்பா வந்து கேட்டார்.

“ஒரு தடவ.”

“எந்திரிச்சு நின்னு பேசுனத பாத்தேன்” என்றார் பெருமையாக. இடுப்புப் பட்டி விஷயத்தை நான் சொல்லவில்லை.

பேராதனைக்கே பதிந்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். ஆனால் அந்தக் கொக்கி மனதை விடவில்லை. படியிறங்கும்போது அப்பாவின் காலிக் குடிதண்ணீர்க் கேன் கண்ணில் பட்டது. ஐந்து லீட்டர் என்று அதில் போட்டிருந்தது. ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. குழாயில் நிரப்பிக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு நடந்தேன்.

மடுவத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் பக்கத்து வீட்டு விஜயலெட்சுமி அத்தையும் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் தனேஸ்வரன் ஐயா, யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த வெளிக்கள உத்தியோகத்தர்.

“என்ன பிள்ளை, இப்ப தண்ணியும் பறிக்கத் தொடங்கிட்டீரோ?” என்றார் அவர். வரிசை முழுவதும் சிரித்தது.

“இத நிறுத்துப் பாக்கணும் ஐயா. அஞ்சு கிலோ வரணும்.”

அவர் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. கேனை வாங்கிக் கொக்கியில் மாட்டினார். ஐந்து கிலோ இருநூறு கிராம்.

“எரநூறு கூடக் காட்டுது!” என்றார் விஜயலெட்சுமி அத்தை. “நமக்கு நல்லதுதானடி, வாய மூடிட்டுப் போ.”

“கேனுக்கும் நிறை இருக்குத்தானே அம்மா” என்றார் ஐயா.

“அப்ப வெறுங்கேன நிறுங்க” என்றேன்.

“எதில? இதே தராசிலயோ?” என்று கேட்டுவிட்டு அவரே நின்றுவிட்டார்.

“அது பொய் சொல்லுதான்னு அதுக்கிட்டயே கேக்குறதா?” இது அம்மா.

“பெரகலச் சந்திக் கடைத் தராசில நிறுத்துப்போட்டு…” என்று தொடங்கினார் ஐயா.

“அது சரின்னு யாரு சொன்னா ஐயா?” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

“கேன்ல அஞ்சு லீட்டர்னு எழுதுனவன் மட்டும் அளந்தா எழுதுனான்?” என்றார் அம்மா.

அப்போது விஜயலெட்சுமி அத்தை சாக்கைக் கீழே வைத்தார். “சரியா தப்பான்னு தெரியாட்டிப் போகுது. இந்தக் கேன மூடி இங்கயே வைங்க. தெனமும் மொதல்ல இதத் தூக்கி மாட்டுங்க. இன்னைக்கு அஞ்சு எரநூறு. நாளைக்கு அஞ்சுதான்னா, ஒண்ணு தராசு மாறிருச்சு, இல்ல எவளோ தண்ணியக் குடிச்சிட்டா.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்க மறந்து நின்றேன். ஒரு கருவி உண்மையைச் சொல்வது வேறு, ஒவ்வொரு நாளும் ஒன்றையே சொல்வது வேறு. முதலாவது கையில் இல்லாதபோதும் இரண்டாவதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும் வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அத்தை அதைச் சாக்கோடு நின்றபடி கண்டுபிடித்தார். தனேஸ்வரன் ஐயா கேனை மூடி மூலையில் வைத்தார்.

வீட்டுக்கு ஏறும்போதுதான் உறைத்தது: மடுவத்தில் என் பெயரை யாரும் கூப்பிடவில்லை. பேச்சு தமிழில் இருந்தது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் அல்ல. மேல்மாடியில் நான் சரியாகச் சொல்லக் காத்திருந்தேன். மடுவத்தில் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பேராதனையில் எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியும், இதுவரை படித்தது போலத்தான் படிப்பேன். அந்த மேசையில் உட்கார எனக்குத் தெரியவில்லை. தெரியாத அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றிருந்தது.

வியாழக்கிழமை மாலை சொன்னேன். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஃபேக்டரியில எல்லார்கிட்டயும் எஞ்சினியர்னு சொல்லிட்டேன்.”

“தெரியும்பா.”

“அங்க படிச்சு முடிச்சா என்ன வேல?”

“தெரியாது.”

“தெரியாதுன்னு சொல்றதுக்கா நாலு வருசம்?”

அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. “நீ எஞ்சினியர் ஆனா இந்த லயத்தவிட்டு எறங்கலாம்னு நெனச்சேன்” என்றார் சுவரைப் பார்த்து. அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடி வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் மடக்கினார். இரண்டு இடத்தில் அவர் கேட்டது நியாயம் என்று ஒப்புக்கொண்டேன். ஒரு இடத்தில் அவர் ஒப்புக்கொண்டார். அப்பாவும் நானும் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

கடைசியில், “என்ன எழுதியிருக்க, வாசி” என்றார்.

கல்லூரிக்கு எழுதிய கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். “என் பெற்றோர் சம்மதம் தெரிவித்துள்ளார்கள்” என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

“நான் எங்க சம்மதிச்சேன்? பொய் எழுதாத.”

“அப்ப வேணாம்னு எழுதவா?”

“வேணாம்னும் சொல்லலியே.”

“அம்மா?”

“அவ போகட்டும்” என்றார் அம்மா. “போய்ட்டு வந்து சொல்லட்டும்.”

“அப்பா இன்னும் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காருன்னு எழுது” என்றார் அப்பா.

அப்படியே எழுதி, சிக்னலுக்காக ஃபேக்டரி வளைவு வரை நடந்து போய் அனுப்பினேன். அப்பாவும் கூடவே வந்தார். திரும்பும் வழியில் அடுத்த கேள்வியை ஆரம்பித்தார்.